பெறுநர் நீங்கள் இல்லையெனில் அழித்துவிடவும்

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. உறவுக்காரர்களின் வண்டவாளம், மாடிப்படி விளக்கு எரியாதது, யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பது, எதை வேண்டுமானாலும் பேசலாம். பிரெயில் அச்சு மெஷினைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது.

மனைவி அந்த மெஷினைச் செய்யும் கம்பெனியில் பொறியாளர். பதினாலு வருஷ வேலை. கணவன் அதே மெஷினுக்குக் கம்பெனியின் தயவில்லாமல் டிரைவர் எழுதி, ஊருக்கெல்லாம் திறந்து வைத்திருப்பவன். கணினி சொல்வதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லும் நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். கம்பெனி கொடுக்கும் டிரைவருக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. இவனுடையதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம். இணையத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் கூடிப் பேசும் அஞ்சல் குழுவில் அவனுக்குக் கட்டெறும்பு என்று பெயர். அவள் அதைச் சுருக்கி எறும்பு என்று கூப்பிடுவாள்.

எல்லாம் அவனுடைய அக்காவால் வந்தது. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே கணினிகளை மாற்றினார்கள். புதிய கணினிக்குப் பழைய மெஷினை அடையாளம் தெரியவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், அந்த மாடலை நிறுத்திவிட்டோம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. குத்துக்கல் மாதிரி நிற்கிற மெஷினைக் காயலான் கடைக்குப் போடுவதா என்று அக்கா புலம்ப, தம்பி அதே மாடலில் ஒன்றைத் தேடிப் பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்தான். கம்பெனியின் பழைய நிரல் அதனோடு என்ன பேசுகிறது என்று கம்பியில் காதை வைக்காத குறையாக ஒட்டுக்கேட்டு, எண் எண்ணாகக் குறித்து, பதினோரு மாதத்தில் டிரைவரை எழுதி முடித்தான். இன்று அது இருநூறு பள்ளிகளில் ஓடுகிறது.

மேசைச் சட்டம் அப்போது வந்ததுதான். அவள் வாய் தவறி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அவள் வேலை போகும். அதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. நானே கண்டுபிடித்தது என்று அவன் கையெழுத்துப் போட்டு வைத்த ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்கு ஆளாகி, டிரைவரையே தூக்கி எறிய வேண்டி வரும். அதனால் அவன் அறைக் கதவு திறந்திருந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். ஊரே படித்த நிரலைப் பெண்டாட்டி மட்டும் படித்ததில்லை. அவள் கம்பெனியில் எந்த மூலையில் என்ன செய்கிறாள் என்று அவனும் கேட்டதில்லை. கிறுக்குப் பிடித்ததுகள் என்று அக்கா சொல்வாள். எனக்கென்னவோ இப்படியும் ஒரு காதல் இருக்கத்தான் வேண்டும் என்று படுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். அவன் கையெல்லாம் மாவு. அதனால் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டான்.

"தம்பி, மெஷின் இப்பல்லாம் ரொம்ப சூடாவுதுடா. பத்துப் பக்கம் போனாலே ஒரு வாசனை வருது."

"என்ன வாசனை?"

"கதவுக்குப் பூசுவாங்களே, வார்னிஷ். அது லேசாக் கருகுற மாதிரி. நாளையிலேர்ந்து மூணு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமை வினாத்தாள் அடிக்க ஆரம்பிக்கணும். நாலாயிரம் பக்கம். அதுக்குள்ள இது மண்டையைப் போட்டுடுமோன்னு பயமா இருக்கு."

பழம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். மெஷினுக்குள் ஆறு குட்டிச் சுத்தியல்கள் காகிதத்தில் புள்ளிகளைக் குத்துகின்றன. ஒவ்வொன்றையும் தள்ளுவது ஒரு செம்புக் கம்பிச் சுருள். கம்பியின் மேல் பூச்சு கருகினால் அந்த வாசனை வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவள் வடிவமைத்த சுருள் அது. மூன்று டஜன் சுருள்களை வேண்டுமென்றே எரித்துப் பார்த்து, எவ்வளவு நேரம் மின்சாரம் விட்டால் தாங்கும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு சுருள் போனால் ஒரு புள்ளி போகும். ஒரு புள்ளி போனால் எழுத்தே வேறாகிவிடும். கணக்குத் தாளில் எண்ணும் வேறாகிவிடும். மாற்றிப் போடலாம் என்றால் அந்தச் சுருளை இப்போது யாரும் செய்வதில்லை.

"உன் பெண்டாட்டி பக்கத்துல இருக்காளா? ஏம்மா, உங்க கம்பெனி மெஷின்தானே, நீயாவது சொல்லேன்."

"அக்கா, அவளைக் கேக்காதே" என்றான் அவன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணி, மெஷினோட ஒரு புத்தகம் கொடுத்திருப்பாங்க. பதினோராம் பக்கத்தை யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

சூடானால் நிறுத்தி ஆறவிடவும் என்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்த புத்தகம், அதனால் சட்டத்தை மீறவில்லை. ஆனால் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஆறவிட்டால் நாலாயிரம் பக்கம் எந்தக் காலத்தில் முடிவது? அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் மறுபடி பழம் நறுக்கினாள்.

மறுநாள் அலுவலகத்தில், சாப்பாட்டு இடைவேளையில், ஆறு வருஷ விரதத்தை அவள் முறித்தாள். அவன் எழுதிய நிரலைத் திறந்து படித்தாள். ஊர் முழுக்கப் படிக்கிறதுதான், குற்றமில்லை. என்றாலும் அவன் சட்டைப்பையில் கைவிட்ட மாதிரி அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நிரலின் நடுநடுவே அடுத்துப் படிப்பவர்களுக்காகக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தான். 'இந்த எண் ஏன் என்று தெரியவில்லை. கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்கள்.' 'இங்கே இரண்டு நாள் மண்டை காய்ந்தது.' அவள் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள். பிறகு சுருள் வரும் இடத்துக்குப் போனதும் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு குத்துக்கும் சுருளுக்குள் மின்சாரம் ஓடும் நேரம், தொள்ளாயிரம் மைக்ரோசெகண்ட். அது குளிர்ந்து கிடக்கும் மெஷினை எழுப்புவதற்கான அளவு. முதல் பக்கத்துக்கு மட்டும் அது. இரண்டாம் பக்கத்திலிருந்து அறுநூற்று நாற்பது போதும். கம்பெனி நிரல் தானாகவே குறைத்துக்கொள்ளும். இவன் முதல் பக்கத்து எண்ணையே எல்லாப் பக்கத்துக்கும் வைத்திருந்தான். அந்தச் சூட்டை இத்தனை வருஷம் தாங்கிய பூச்சு இப்போதுதான் கருகத் தொடங்கியிருக்கிறது.

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மெஷின் ஓடினால் கடகடவென்று கட்டடமே அதிரும். கீழ்வீட்டு அம்மா வந்து கேட்டுக்கொண்டதற்காக, ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கம்தான் அடிப்பேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். ஒட்டுக்கேட்ட காலம் முழுக்க, பிறகு சோதித்த காலம் முழுக்க, இரண்டாம் பக்கத்தை அவன் கண்ணால் கண்டதே இல்லை. இந்தத் தப்பை உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான் செய்ய முடியும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

அந்த எண்ணுக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. 'இந்தச் சுருளைச் செய்தவர் யாரென்று தெரியாது. வேலையில் பொய் இல்லை. என்றாவது பார்த்தால் ஒரு தேநீர் போட்டுத் தர வேண்டும்.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். தேநீரில் சர்க்கரையைக் கொட்டுகிற அவன் கையை நினைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் நல்ல மனிதர்தான். புதிதாக எதையும் செய்யச் சொன்னால் மட்டும் நாலு காரணம் சொல்லித் தள்ளிப் போடுவார். "நிறுத்தின மாடல். கெட்டுப்போனா புதுசு வாங்கிட்டுப் போறாங்க. நம்ம ரகசியத்தை எதுக்கு நாமளே கொட்டணும்?"

"ரகசியம் இல்ல சார், ரெண்டு எண். நாம கைவிட்ட மெஷினுக்கு யாரோ சோறு போட்டு வளத்துக்கிட்டு இருக்காங்க. எவ்வளவு ஊட்டணும்னு சொல்லக்கூட மாட்டோமா? எரிஞ்சு போனா டிரைவர் எழுதினவன் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க. மெஷின் மேல எழுதியிருக்கறது நம்ம பேரு."

அவர் யோசித்து, யோசிக்கும் வேலையை வக்கீலம்மாவுக்குத் தள்ளிவிட்டார். கம்பெனியின் சட்டப் பிரிவுக்குத் தலைவி அவர். அவர் மேசையில் தாள்கள் ஒரு மில்லிமீட்டர் கூடக் கோணாமல் அடுக்கியிருக்கும்.

"வெளியில அந்த டிரைவரைப் பாத்துக்கறது யாரு?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்."

"வாடகை வாங்குற வீட்டுக்காரரா?"

"இல்ல மேடம். கட்டிக்கிட்டவர்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவருக்கு இதைப் பத்தி நீங்க எவ்வளவு சொல்லியிருக்கீங்க?"

"ஒண்ணும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா மெஷின் ஏன் மேடம் கருகுது?"

"ஆறு வருஷம், ஒரே வீட்டுல, ஒரு வார்த்தை கூட?"

"ஒரே மேசையில."

இரண்டு வாரம் தாள் மேசைக்கு மேசை நகர்ந்தது. கடைசியில் புதன்கிழமை அனுமதி வந்தது. மூன்று நிபந்தனைகள்: இரண்டு எண்கள் மட்டும், கம்பெனி முகவரியிலிருந்து மட்டும், வீட்டில் மூச்சு விடக் கூடாது. அவள் அன்று மத்தியானமே பதினோரு வரியில் திருத்தத்தை எழுதினாள். மேலே விளக்கமாக, 'இந்தச் சுருளை வடிவமைத்தபோது நான் சோதித்து எடுத்த அளவுகள் இவை' என்று எழுதினாள். அடியில், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று குழுவின் முறைப்படி உறுதி சொல்லித் தன் பெயரைப் போட்டாள். சுருளைப் பற்றிய அவன் குறிப்பை அவள் தொடவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

வியாழக்கிழமை காலை குழுவில் பதில் வந்திருந்தது.

'வணக்கம். திருத்தத்துக்கு நன்றி. நிரலில் குறை காணவில்லை. ஆனாலும் சேர்க்க இயலாது. அஞ்சலின் அடியில், இது இரகசியமானது, பெறுநர் நீங்கள் இல்லையெனில் அழித்துவிடவும் என்று எழுதியிருக்கிறது. இது பொதுக் குழு. பெறுநர் என்று தனியாக ஒருவரும் இங்கே இல்லை. ஆகவே என்னிடம் இருந்த பிரதியை அழித்துவிட்டேன். குழுவின் சேமிப்பிலிருந்தும் நீக்கச் செய்திருக்கிறேன். அடிக்குறிப்பு இல்லாமல் மறுபடி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அனுப்பியவர் என் மனைவி என்பதால் இன்னொருவரும் சரிபார்த்த பிறகே சேர்ப்பேன்.'

அதற்குக் கீழே நத்தை என்கிற புனைபெயர்க்காரர் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நான் சரிபார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் நலமா?'

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கம்பெனியிலிருந்து வெளியே போகிற ஒவ்வோர் அஞ்சலின் வாலிலும் அந்த வாக்கியத்தைச் சர்வர் தானாக ஒட்டுகிறது. அனுப்புகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அதைப் படித்த முதல் மனிதனுக்கா அவள் வாழ்க்கைப்பட வேண்டும்?

அன்றைக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு எண்களும் இப்போது அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். டிரைவரில் இரண்டாம் பக்கத்திலிருந்து எண்ணை மாற்றினால் அக்காவின் மெஷின் பிழைக்கும்; மாற்ற அரை நிமிஷம் ஆகாது. அவன் மாற்ற மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் தப்பாக இருந்திருந்தால் ஒரு பிடி பிடித்திருக்கலாம். அவன் சரியாக இருந்தான், அதுதான் தாங்கவில்லை.

"உப்பு போதுமா?"

"போதும்."

"அண்ணி போன் பண்ணாங்களா?"

"பண்ணா. திங்கக்கிழமை ஆரம்பிக்கறாங்களாம்." தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "படிச்ச ஒண்ணை மறக்கறது எவ்வளவு கஷ்டம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"எதை?"

"எதையோ."

அவன் தலையில் ஒரு குட்டு வைக்கவும் அதே தலையைக் கோதிவிடவும் அவளுக்கு ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை அவள் அலுவலகம் போனதும் அஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற மனிதர் அவர்.

"அந்த வாக்கியத்தை எடுக்க முடியாதும்மா. பதினஞ்சு வருஷமா எல்லாத்துக்கும் ஒட்டுது. நான் என் மச்சானுக்கு அனுப்பின பிறந்தநாள் வாழ்த்துக்குக் கூட ஒட்டிச்சு." பிறகு ரகசியம் போலக் குனிந்து சொன்னார். "வேடிக்கை என்னன்னா, ஒட்டறதே உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க எழுதிக் கொடுத்த நிரல்தான். நம்ம சர்வர் மொத்தமும் அதுலதான் ஓடுது. வக்கீலம்மா ஒரு வார்த்தை சொன்னா, அந்தக் குழுவுக்குப் போறதுக்கு மட்டும் ஒட்டாம பண்ணிடுவேன்."

வக்கீலம்மா அன்று விடுப்பு. பல் பிடுங்கியிருந்தார்கள். போனில் அவர் பேச்சு வாயில் அடக்கிய பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"அழிச்சுட்டாரா?"

"அழிச்சுட்டாரு மேடம்."

"நெசமாவா?"

"சேமிப்புல இருந்தும் எடுக்க வெச்சுட்டாரு. திங்கக்கிழமை அவரோட சொந்த அக்கா பள்ளிக்கூடத்துல மெஷின் கருகப் போகுது. அப்பவும் அந்த எண்ணைப் போடல."

"அந்த வாக்கியத்தை எழுதினது நான்தாம்மா" என்றார் வக்கீலம்மா. "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வாரம் உக்காந்து எழுதினேன். ஒரு நாளைக்கு ஆயிரம் அஞ்சல்ல போவுது. இந்தப் பதினஞ்சு வருஷத்துல ஒருத்தர் கூட அதைப் படிச்சதாத் தெரியல. படிச்சது மட்டும் இல்லாம, சொன்னபடி ஒருத்தர் கேட்டும் இருக்காரு." பஞ்சை எடுத்துவிட்டாரோ என்னவோ, குரல் தெளிவாக வந்தது. "போனை அந்தச் சர்வர் ஆள்கிட்ட குடுங்க. எடுக்கச் சொல்றேன்."

மத்தியானம் மூன்று மணிக்குத் திருத்தம் மறுபடி போனது, வால் இல்லாமல். ஒரு மணி நேரத்தில் நத்தை பெயருக்குப் பொருந்தாத வேகத்தில் சரி என்று எழுதினார். இனி அந்த எண்கள் ஊருக்கே சொந்தம்.

பாக்கி இருந்தது சோதனை. நூறு பக்கம் நிற்காமல் அடித்துப் பார்க்க வேண்டும் என்றான் அவன்; ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்கிற வாக்கு இருந்தது. சனிக்கிழமை காலை அவளே கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனாள்.

"ஒரு பக்கமா?" என்றார் கீழ்வீட்டு அம்மா. "அட, நான் சொன்னது வீட்டுல கைக்குழந்தை இருந்த வரைக்கும்தானே. பாப்பா இப்ப ரெண்டாம் வகுப்பு. அவ போடற சத்தத்துக்கு உங்க மெஷின் எம்மாத்திரம்? இன்னுமா அவரு ஒரு பக்கத்தோட நிறுத்திக்கிட்டு இருக்காரு?"

அவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு மேலே வந்தாள்.

கதவு திறந்திருந்த அறைக்குள் ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தலையைத் திருப்பாமல் நுழைந்தாள். மேசையில் மெஷின் மூடியில்லாமல் நின்றது. அவளுடைய ஆறு சுருள்களும் வரிசையாகத் தெரிந்தன. அவன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் காகிதப் பெட்டிமேல் உட்கார்ந்தான். கடகடவென்று சத்தம் கிளம்பியது. பத்து, இருபது, ஐம்பது. பேசினாலும் கேட்டிருக்காது. நூறாவது பக்கம் விழுந்ததும் அவள் உள்ளங்கையைச் சுருள்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தாள். தூங்கும் பூனையின் வயிற்றுச் சூடுதான் இருந்தது. அவன் கையை அங்கேயே வெகு நேரம் வைத்திருந்தான், அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு டிரைவர் போனது. திங்கட்கிழமை மத்தியானம் அக்காவிடமிருந்து அவளுக்கே போன் வந்தது. "ஆயிரத்து இருநூறு பக்கம் ஆச்சும்மா. நானே விரலால தடவிப் பாத்தேன், ஒரு புள்ளி குறையலை. வாசனையும் இல்லை. என்னடா பண்ணினேன்னு கேட்டா, நான் பண்ணலை, கம்பெனி பண்ணிச்சுங்கறான். நெசமா?"

"ரெண்டு பேரும்தான் அண்ணி."

போனை வைத்ததும், தன் பதினோரு வரிகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்க நிரலைத் திறந்தாள். அவை அப்படியே இருந்தன. ஆனால் அவற்றுக்கு மேலே இருந்த பழைய குறிப்பை அவன் காலையில் மாற்றி, சரிபார்க்கச் சொல்லிக் குழுவின் முன் வைத்திருந்தான். சரிபார்ப்பவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டிருந்தான்.

'இந்தச் சுருளைச் செய்தவர் யாரென்று தெரிந்துவிட்டது. முதல் அஞ்சலை அழித்தபோது எண்களைக் கூட மறக்கப் பார்த்தேன். செய்தவர் யாரென்பதை மட்டும் மறக்க முடியவில்லை. தேநீர் ஆறு வருஷம் தாமதம். இன்று மாலையிலிருந்து தினமும் நான் போடுகிறேன்.'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருநூறு பள்ளிக்காரர்களும் பார்க்கிற பொதுக் குழு. அதனால் முறைப்படிதான் பதில் எழுதினாள்.

'வணக்கம். படித்தேன். ஒரு சிறு திருத்தம்: சர்க்கரை அரைக் கரண்டி. மற்றபடி சரி, சேர்த்துவிடலாம்.'